பாலிகிராஃப் மெய்யைத்தான் பதிகிறது: ஒரு சொல்லைச் சுற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உண்மை கண்டறியும் குழு நாளை வருகை" என்று ஒரு முறை நாங்கள் தலைப்புப் போட்டோம். ஓர் ஊரில் நடந்த மோதலை விசாரிக்க வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து போகிறார்கள் என்பதுதான் செய்தி. மறுநாள் காலையில் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அந்தக் கருவியை ஊருக்கே கொண்டு வருகிறார்களா, இல்லை ஆட்களை மெட்ராஸுக்கு அழைத்துப் போவார்களா சார்?" என்று கேட்டார். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பத்தி தள்ளி, ஒரு கொலை வழக்கில் நடந்த "உண்மை கண்டறியும் சோதனை" பற்றிய செய்தி இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரே பக்கத்தில் ஒரே தொடரை இரண்டு பொருளில் எழுதிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது என் தவறு.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். அன்றிலிருந்து, அந்தச் சோதனைக்குரிய பாலிகிராஃப் கருவியைப் பற்றிய செய்தி மேசைக்கு வந்தாலே சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வேன். எழுத்துப் பிழைகள் குறைவாகத்தான் இருக்கும். பொருட்பிழைகள் வரிசையாக வரும். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொண்டோம். கருவியைப் பற்றி எழுதும்போது "பொய் கண்டறியும் கருவி" என்கிறோம். அதே கருவியை வைத்து நடத்தும் சோதனைக்கு "உண்மை கண்டறியும் சோதனை" என்று பெயர் வைத்திருக்கிறோம். பொய்யைக் கண்டுபிடித்தால் மிச்சம் இருப்பது உண்மைதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டாலும், நடந்தது என்ன என்பது தெரிந்துவிடாது. கழுத்துச் சங்கிலியை எடுக்கவில்லை என்று ஒருவன் சொன்னது பொய் என்றே வைத்துக்கொள்வோம். சங்கிலி எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லப் போவதில்லை. போதாக்குறைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் நார்கோ சோதனைக்கும், தலையில் மின்முனைகளைப் பொருத்திச் செய்யும் மூளை வரைவுச் சோதனைக்கும் இதே "உண்மை கண்டறியும் சோதனை" என்ற சட்டையைத்தான் மாட்டி அனுப்புகிறோம். மூன்று வெவ்வேறு சோதனைகள், அதோடு ஒரு குழு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

சரி, மூலச் சொல்லுக்கே போய்விடலாம் என்றால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. "போலிகிராஃப்" என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். போலிகளைப் பிடிக்கும் கருவி என்பதால் அந்தப் பெயர் என்று ஒருவர் என்னிடம் விளக்கமும் சொன்னார். அழகான விளக்கம், ஆனால் தவறு. கிரேக்கத்தில் "பொலு" என்றால் பல. நமக்குப் பழக்கமான பாலிடெக்னிக்கின் முதற்பாதியும் பாலியெஸ்டரின் முதற்பாதியும் அதுவே: பல தொழில்களைக் கற்றுத் தரும் இடம், பல எஸ்டர் கண்ணிகள் கோத்த இழை.

இன்னொரு சாரார், போலீஸார் பயன்படுத்துவதால் இந்தப் பெயர் வந்தது என்று நினைக்கிறார்கள். போலீஸ் என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், ஆனால் வேறு வேரிலிருந்து. நகரத்தைக் குறிக்கும் "பொலிஸ்" அதன் மூலம். நகர நிர்வாகம் என்ற பொருளில் தொடங்கி, பிற்பாடு காவலைக் குறித்தது. இலங்கைத் தமிழில் இன்றும் "பொலிஸ்" என்றே எழுதுகிறார்கள். கிரேக்கக் காதுக்கு அவர்கள் நம்மைவிட ஒரு படி அருகில் இருக்கிறார்கள்.

பின்பாதியான "கிராஃப்" எழுதுவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. அந்த வினையின் பழைய பொருள் கீறுதல். ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய மரபில் வந்த நமக்கு இது வியப்பாக இருக்காது. ஆக, பாலிகிராஃப் என்றால் "பலவற்றை எழுதுவது". அவ்வளவே. பொய், உண்மை, குற்றம், காவல் நிலையம் ஆகிய எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

சொல்லின் வயதைத் தவறாகக் கணக்கிடுவதும் வழக்கமாக நடக்கிறது. பாலிகிராஃப் என்ற சொல் பொய்ப் பரிசோதனைக்காகவே உண்டாக்கப்பட்டது என்று நினைத்து, "1921இல் பிறந்த சொல்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றி, பல வேலை பார்த்துவிட்டு வந்தது.

கிரேக்கத்தில் ஏராளமாக எழுதித் தள்ளுகிறவரை அந்தச் சொல்லால் குறித்தார்கள். தமிழில் "பன்னூலாசிரியர்" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் அச்சகங்களுக்காக எந்தப் பொருளைக் கொடுத்தாலும் எழுதித் தந்த எழுத்தாளர்களைப் "பொலிகிராஃபி" என்று அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் பல துறைகளில் எழுதிய அறிஞர் ஒருவரைப் "பொலிகிராஃபோ" என்று சொன்னால் அது பாராட்டு. அதே மொழியில் பொய் கண்டறியும் கருவிக்கும் அதே சொல்தான். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனித்துக் கேட்க வேண்டும்.

1518இல் ஒரு நூல் அச்சாகியது. எழுதியவர் யோகன்னஸ் திரிதெமியஸ் என்ற ஜெர்மன் மடாதிபதி. நூல் அச்சாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் இறந்துபோனார். அதன் பெயர் "பொலிகிராஃபியா". சங்கேத எழுத்தைப் பற்றி அச்சில் வந்த முதல் நூல் அது. ஒரு செய்தியைப் பிரார்த்தனை வாக்கியம்போல் மாற்றி எழுதி, பிறர் கண்ணில் படாமல் அனுப்பும் வழிகள் அதில் இருந்தன. மறைக்கும் கலைக்கு வைத்த பெயர் நானூறு ஆண்டுகள் கழித்து மறைத்ததை வெளியே இழுக்கும் கருவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களுக்கு நம்மைவிட நகைச்சுவை உணர்வு அதிகம்.

அதற்கும் பிறகு, 1803இல், ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு நகலெழுதும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு பேனாக்களைச் சட்டங்களால் இணைத்திருப்பார். ஒன்றைப் பிடித்து எழுதினால் மற்றொன்று பக்கத்துத் தாளில் அதையே எழுதிக்கொண்டு போகும். அதற்குப் பெயரும் பாலிகிராஃப். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அந்தக் கருவியில் மயங்கிப்போனார். இந்தக் காலத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று அதைப் புகழ்ந்தார். மாற்றி மாற்றிப் புதிய மாதிரிகளை வாங்கி, கடைசி வரை கடிதங்களுக்கு நகல் எடுத்தார். ஆகவே "ஜெஃபர்சன் பாலிகிராஃப் பயன்படுத்தினார்" என்ற வரியைப் பார்த்துவிட்டு, அவர் யாரைச் சந்தேகித்தார் என்று தேடக் கூடாது. அப்படி ஒரு துணுக்கு எங்கள் ஞாயிறு இணைப்புக்கு வந்தது. நல்ல வேளையாக அச்சுக்குப் போகவில்லை.

பிறகுதான் சொல் மருத்துவத்துக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை நகரத்தில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே நேரத்தில் தாளில் வரையும் கருவி ஒன்றை அமைத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட துடிப்புகளை எழுதியதால் அதைப் பாலிகிராஃப் என்றார். இதயத் துடிப்பு ஏன் தாளம் தப்புகிறது என்பதுதான் அவருடைய கவலை. நோயாளி பொய் சொல்கிறாரா என்று அவர் பார்க்கவே இல்லை. சில இணையப் பக்கங்கள் அவரையே பொய் கண்டறியும் கருவியைக் கண்டுபிடித்தவர் ஆக்கிவிடுகின்றன. பெயர் ஒன்று என்பதற்காகச் செய்யும் அநியாயம் அது. இந்தியாவில் தூக்கப் பரிசோதனைக்குப் போனவர்களின் அறிக்கையில் "பாலிசோம்னோகிராஃபி" என்று இருக்குமே, அதுவும் மெக்கன்சி வழி வந்த உறவுதான். குறட்டைக்கும் மூச்சுத் தடைக்கும் எடுக்கும் சோதனை அது. யாரும் பதற வேண்டாம்.

கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியில் அடுத்த வம்பு. வொண்டர் உமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன்தான் பாலிகிராஃபையும் கண்டுபிடித்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். 1941இல் வந்த அந்த நாயகியின் கையில் உள்ள கயிற்றில் சிக்கியவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே கதை பொருந்திப் போகிறது. ஆனால் சொல்லின் பொருளை நினைவில் வைத்திருந்தால் இந்தத் தவறு நேராது. மார்ஸ்டன் 1915 வாக்கில் ஹார்வர்டில் செய்தது, கேள்விகளுக்கு இடையில் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது அளந்து குறித்துக்கொள்வது. கையில் கட்டும் பட்டையும் மருத்துவர் காதில் மாட்டும் குழலும் போதும். அங்கே "பல" இல்லை, இரத்த அழுத்தம் ஒன்றுதான். தானாக எழுதும் முள்ளும் இல்லை. பொய்ச் சோதனை என்ற எண்ணத்துக்கு அவர் ஒரு தகப்பன் என்று சொல்லலாம். பாலிகிராஃபுக்கு இல்லை.

அந்தப் பெருமையோ பழியோ ஜான் லார்சனுக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே உடலியலில் முனைவர் பட்டம் வைத்திருந்தவர். காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மரின் ஊக்கத்தில் 1921இல் ஒரு கருவி கட்டினார். இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு ஆகியவற்றைத் தொடர்ச்சியாக, நிற்காமல் பதிந்தது அது. புகைக்கரி படிய வைத்த தாள் உருளையில் சுற்றிக்கொண்டே வரும், முள் அந்தக் கரியைக் கீறிக்கொண்டே போகும். கரி போன இடத்தில் வெள்ளைக் கோடு. கிரேக்க வினையின் "கீறுதல்" என்ற பழைய பொருள் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது அங்கேதான். முதல் பெரிய வழக்கு, மாணவியர் விடுதி ஒன்றில் நடந்த திருட்டு. வேடிக்கை என்னவென்றால், லார்சன் தன் கருவிக்குப் பாலிகிராஃப் என்று பெயர் வைக்கவில்லை. இதயம், மூச்சு, மனம் மூன்றையும் கோத்து "கார்டியோ நியூமோ சைகோகிராம்" என்று ஒரு பெயரைச் சொல்லி வந்தார். அதை எந்தப் பத்திரிகைத் தலைப்பில் அடக்குவது? பத்திரிகைக்காரர்கள் "பொய் கண்டறியும் கருவி" என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

லார்சனிடம் இளம் வயதில் ஒட்டிக்கொண்ட லியனார்ட் கீலர், கருவியைப் பெட்டிக்குள் அடக்கி, கரிக்குப் பதில் மையை வைத்து, 1931இல் காப்புரிமையும் வாங்கினார். பிறகு விரல் தோலின் மின் மாற்றத்தையும் சேர்த்தார். மருத்துவர்களிடமிருந்த "பாலிகிராஃப்" என்ற பழைய சொல், விற்பனைக்கு வந்த இந்தப் பெட்டியோடு நிரந்தரமாக ஒட்டியது. லார்சன் முதுமையில் தன் கண்டுபிடிப்பு கைமீறிப் போன அரக்கனாகிவிட்டது என்று வருந்தினார். முதலில் உற்சாகமாக இருந்தவர் கடைசியில் எதிரணியில் நின்றார் என்பதைத் தமிழில் எழுதப்படும் வரலாற்றுக் குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

நம் முன்னோர் அன்றே பாலிகிராஃப் வைத்திருந்தார்கள் என்ற வகைக் கட்டுரைகளும் வரும். சந்தேகிக்கப்பட்டவரை அரிசி மெல்லச் சொல்லும் "தண்டுல" திவ்யம் என்ற தெய்வச் சோதனை தர்ம சாத்திரங்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்வது தெய்வம். பயத்தில் வாய் உலரும் என்ற விளக்கம் பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. அதில் பதிவு இல்லை, எழுத்து இல்லை, "பல" இல்லை. அதைத் திவ்யம் என்றே சொன்னால் முன்னோருக்கு ஒரு குறைவும் வராது.

இனி "கண்டறிதல்" என்ற சொல். "லை டிடெக்டர்" என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டாம் பாதி லத்தீனிலிருந்து வந்தது. மூடியிருப்பதை விலக்குதல் என்பது அதன் அடிப்பொருள். கூரையில் வேயும் ஓட்டுக்கு லத்தீனில் உள்ள சொல்லும் மூடுதலைக் குறிக்கும் அதே வேரில் பிறந்ததுதான். அதாவது பொய் என்பது முழுப் பூசணிக்காய், பேச்சு என்பது சோறு, சோற்றை விலக்கினால் பூசணிக்காய் தெரியும் என்ற படம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. உள்ளே ஒரு பூசணிக்காய் இருக்கிறது என்று முன்கூட்டியே நம்ப வைத்துவிடுவதுதான் இந்தப் பெயரின் வேலை. கருவிக்கு முன்னால் இருப்பதோ வியர்வையும் மூச்சும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு வசதியைத் தருகிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. "மெய்" என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். மெய்க்காப்பாளர் காப்பது உடம்பை, மெய் சிலிர்ப்பது தோல். உண்மையைக் குறிக்க மூன்று சொற்கள் வைத்திருக்கிறோம்: உண்மை உள்ளத்துக்கு, வாய்மை வாய்க்கு, மெய்மை உடம்புக்கு என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். பாலிகிராஃப் மெய்யைப் பதியும் கருவி. மார்பிலும் வயிற்றிலும் கட்டிய குழல்கள் மூச்சை எழுதுகின்றன, புயத்துப் பட்டை இரத்த அழுத்தத்தை எழுதுகிறது, விரல் நுனித் தகடுகள் வியர்வையால் மாறும் மின்கடத்தலை எழுதுகின்றன. எல்லாம் உடம்பு. அது எழுதிய மெய்யை இன்னொரு மெய்யாக நாம் வாசித்துவிடுகிறோம். பாலிகிராஃபைப் பற்றிய எல்லாத் தவறுகளும் இந்த ஒரு வாசிப்பில்தான் தொடங்குகின்றன.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பொய் அதில் இல்லை. அச்சம் உண்டு, வெகுளி உண்டு, இழிவுபடுத்தப்பட்டதால் வரும் இளிவரலும் உண்டு. செய்யாத குற்றத்துக்காக இரவெல்லாம் உட்கார வைத்து விசாரிக்கப்பட்ட ஒருவனுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வரும். பொய்க்கு என்று தனியாக ஒரு மெய்ப்பாடு இருப்பதாக இன்றைய உடலியலும் காட்டவில்லை. "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்ற பழமொழிதான் கருவியின் மொத்த அடித்தளம். குற்றமில்லாத நெஞ்சு குறுகுறுக்காது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்துகொண்டே சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ், அந்த ஆண்டுகளில் இரண்டு முறை, 1986இலும் 1991இலும், பாலிகிராஃபுக்கு உட்கார்ந்து எழுந்து போனார். 1994இல்தான் கைதானார். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2003இல் வெளியிட்ட நீண்ட அறிக்கை, ஊழியர்களைச் சல்லடையிடும் வேலைக்கு இந்தக் கருவியை நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்தது.

தமிழில் "பொய்" என்ற சொல்லும் இங்கே கொஞ்சம் விளையாடுகிறது. மழை பொய்க்கிறது, மழைக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. பொய்க்கால் குதிரையும் பொய்ப்பல்லும் யாரிடமும் கதை சொல்லவில்லை. உண்மைக்குப் புறம்பான எதையும் பொய் என்கிறோம், தெரிந்தே ஏமாற்றுவதையும் பொய் என்கிறோம். பாலிகிராஃபை ஆதரிப்பவர்கள்கூட இரண்டாவதைத்தான் உரிமை கோருகிறார்கள். இருட்டில் வேறொருவரைப் பார்த்துவிட்டு, "இவரைத்தான் பார்த்தேன்" என்று மனதார நம்பிச் சொல்லும் சாட்சியிடம் கருவி எதையும் காணாது. ஆகவே "அவர் சொன்னது உண்மை என்று சோதனையில் உறுதியானது" என்று யாராவது எழுதிக் கொண்டுவந்தால் நான் அடித்துவிடுவேன். அந்தச் சோதனையை முழுதாக நம்பினாலும், அவர் நம்பியதைச் சொன்னார் என்பதற்கு மேல் போக முடியாது.

"தேர்ச்சி பெற்றார்", "தோல்வியடைந்தார்" என்பவை அடுத்தவை. இது பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லை. சோதனை நடத்துகிறவர் வரைகோடுகளைப் பார்த்து, ஏமாற்று அறிகுறி தெரிகிறது, தெரியவில்லை, முடிவு சொல்ல இயலவில்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுவார். மூன்றாவது விடையும் உண்டு என்பதே செய்திகளில் காணாமல் போய்விடுகிறது. கருவி தீர்ப்புச் சொல்லவில்லை, ஓர் ஆள் சொல்கிறார் என்பதும் கூடவே போய்விடுகிறது.

திரைப்படங்களில் கேள்வி விழுந்ததும் முள் துள்ளும், சிவப்பு விளக்கு எரியும், கதாநாயகன் மேசையைத் தட்டுவான். நடைமுறையில் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை முன்பே உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிடுவார்கள். வழக்கைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, "இதற்கு முன் வாழ்நாளில் உங்களை நம்பியவரை ஏமாற்றியது உண்டா?" என்பது போன்ற பொதுவான, யாரையும் நெளிய வைக்கும் கேள்விகளைச் செருகுவார்கள். ஜான் ரீட் 1947இல் எழுதிய முறை இது. குற்றவாளிக்கு வழக்குக் கேள்வி அதிகம் சுடும், நிரபராதிக்குப் பொதுக் கேள்வி அதிகம் சுடும் என்பது கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எதுவும் சொல்கிறார்கள். துள்ளும் ஒற்றை முள்ளுக்கு ஒரு பொருளும் இல்லை.

இப்போது நம் ஊர்ச் சட்டம். இங்கே நேரும் பிழைகள் ஆட்களின் வாழ்க்கையைத் தொடுகின்றன, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் "செல்வி எதிர் கர்நாடக மாநிலம்" வழக்கில் தீர்ப்பளித்தது. சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைவு ஆகிய சோதனைகளை நடத்தக் கூடாது. அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவையும், 21ஆம் பிரிவு தரும் தனிமனித உரிமையையும் மீறும் என்றது. சம்மதத்தைக் காவல் நிலையத்தில் கையெழுத்தாக வாங்கிவிட முடியாது. வழக்கறிஞரின் உதவி கிடைக்க வேண்டும், நீதித்துறை நடுவர் முன்னிலையில் பதிவாக வேண்டும். "நீதிபதி சோதனைக்கு உத்தரவிட்டார்" என்று எழுதுகிறோமே, பெரும்பாலும் அது "அனுமதி அளித்தார்" என்று இருக்க வேண்டும். இரண்டு சொற்களுக்கும் இடையில் ஒருவருடைய உரிமை இருக்கிறது.

சம்மதித்துச் செய்துகொண்டாலும் அதன் முடிவு தன்னளவில் சாட்சியமாகாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. சோதனையில் தெரிந்த தகவலைத் தொடர்ந்து போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டுபிடிப்பை நீதிமன்றம் ஏற்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு என்று இதைச் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 23ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது. இன்னும் 27 என்றே எழுதுகிறவர்களை நான் அதிகம் கடிவதில்லை. எனக்கே கை அப்படித்தான் போகிறது.

"சோதனைக்கு மறுத்தார்" என்பதைத் தலைப்பில் வைத்து வாசகரைக் கண் சிமிட்டி அழைப்பது மோசமான பழக்கம். மறுப்பது அவருடைய உரிமை. அதைக் குற்றத்தின் அறிகுறிபோல் எழுதினால், நீதிமன்றம் மூடிய கதவைப் பத்திரிகை திறந்துவிடுகிறது.

மூன்று சோதனைகளையும் ஒரே பெயரில் கட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கே உதாரணம். கைதானவர் பாலிகிராஃபுக்குச் சம்மதித்தார், ஆகஸ்டில் அது நடந்தது. செப்டம்பரில் சிபிஐ நார்கோ சோதனைக்கு அனுமதி கேட்டது. அவர் சம்மதிக்கவில்லை, சியால்டா நீதிமன்றம் மனுவை நிராகரித்தது. இரண்டையும் "உண்மை கண்டறியும் சோதனை" என்றே எழுதிய ஒருவர், ஒரு மாதம் "சம்மதித்தார்" என்றும் மறு மாதம் "மறுத்தார்" என்றும் எழுத வேண்டி வந்திருக்கும். படிக்கிறவருக்கு அந்த ஆள் பேச்சு மாறியதுபோல் தோன்றும்.

நார்கோ என்பதன் வேர், மரத்துப் போதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அரைமயக்கத்தில் பேச வைப்பது. அது உடம்பில் மருந்து ஏற்றுகிறது. பாலிகிராஃப் எதையும் ஏற்றுவதில்லை, வெளியே இருந்து எழுதுகிறது. இந்த வேறுபாடு ஒன்றை நினைவில் வைத்தாலே பெயர் மாறாது.

அப்படியானால் என்னதான் எழுதுவது என்று இளைய தோழர்கள் கேட்பார்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் முறை வரும்போது "பாலிகிராஃப் சோதனை" என்று எழுதி, "மூச்சு, இரத்த அழுத்தம், வியர்வை மாற்றங்களைப் பதியும் சோதனை" என்று ஒரு வரி சேர்க்கிறேன். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆசிரியரிடம் "மெய்ப்பாடு பதியும் கருவி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். தலைப்பில் இடம் போதாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் மெய்தான். "பொய் கண்டறியும் கருவி" என்று எழுதியே தீர வேண்டுமானால், "எனப்படும்" என்ற ஒரு சொல்லைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறேன். சிறிய சொல், ஆனால் காவல் காக்கும். "உண்மை கண்டறியும்" என்ற அடைமொழியை மோதல் நடந்த ஊருக்குப் போகும் குழுவுக்கே விட்டுவிட்டேன். அந்தப் பெயருக்கு அவர்கள் பொருத்தமானவர்கள், குறைந்தது ஊருக்குப் போய் நாலு பேரிடம் பேசுகிறார்களே.

வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்க்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இத்தாலியில் "பொலிகிராஃபிகோ" என்ற சொல் உள்ள ஓர் அரசு நிறுவனத்தின் பெயர் அடிபட்டால், குற்றப் புலனாய்வு என்று எண்ணி ஓட வேண்டாம். அங்கே அந்தச் சொல்லுக்கு அச்சுத் தொழில் என்றுதான் பொருள். ரஷ்ய, போலந்து மொழிகளிலும் அச்சுக் கலைக்கு இதே வேரில் பிறந்த பெயர்தான். ரோம் நகரில் போய்ப் பொலிகிராஃபிகோ எங்கே என்று விசாரித்தால், கடவுச்சீட்டும் தபால்தலையும் அச்சிடும் கட்டடத்துக்கு வழி சொல்வார்கள். உள்ளே போனால் யாரோ ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருப்பார்.